பெயர்ப்பலகையில இருக்கிற டாக்டரம்மா

உங்க வீட்டுல அக்காவோ அண்ணியோ மாசமா இருந்தப்போ ஒரு பேரை அடிக்கடி கேட்டிருப்பீங்க. முத்துலட்சுமி ரெட்டி. அந்தப் பணம் வந்துச்சா, ரெண்டாவது தவணை ஏறிச்சா, பாஸ்புக்கை பதிஞ்சு பாருன்னு. எங்க வீட்டுல ஒரு வருஷம் முழுக்க அந்தப் பேர்தான். எங்க ஊர் ராசிபுரத்துக்குப் பக்கம். ஊர்ல இருக்கிற ஆரம்ப சுகாதார நிலையத்துச் சுவத்துல பச்சை பெயின்ட்ல பெரிசா எழுதியிருக்கும்: டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதி உதவித் திட்டம். அக்காவோட செக்கப்புக்குத் துணையா போய் அந்த பெஞ்சுல மணிக்கணக்கா உட்கார்ந்திருக்கேன். அந்தம்மா யாருன்னு ஒரு தடவைகூட யோசிச்சதில்லை. ஏதோ பழைய மந்திரி சம்சாரம்னு நினைச்சிருந்தேன். வெட்கமாத்தான் இருக்கு, ஆனா உண்மை.

இன்னொண்ணும் சொல்லிடறேன். நான் வயசுக்கு வந்தப்போ எங்க தெருமுனையில எட்டடிக்கு ஃப்ளெக்ஸ் வெச்சாங்க. என் போட்டோ, தாய்மாமன்கள் போட்டோ, அவங்களுக்குத் தெரிஞ்ச கட்சிக்காரர் போட்டோ எல்லாம் அதுல இருந்துச்சு. சீர் தட்டு, பந்தி, ஃபோட்டோகிராபர்னு ஊரே கூடுச்சு. எனக்கு நடந்தது என்ன, ஏன் நடக்குது, எத்தனை நாள் வலிச்சா சாதாரணம், எப்போ டாக்டர்கிட்ட போகணும், இதை மட்டும் ஒருத்தரும் சொல்லலை. பள்ளிக்கூடத்துல பயாலஜி வகுப்புல இனப்பெருக்கம் பாடம் வந்தப்போ, வீட்டுல படிச்சுக்கோங்கன்னு அடுத்த பாடத்துக்குப் போயிட்டாங்க. உங்கள்ல பாதிப் பேருக்கு இதே கதைதான் இருக்கும், பசங்களுக்கும் சேர்த்து. இந்த எரிச்சலோடதான் முத்துலட்சுமி ரெட்டியோட வாழ்க்கையைப் படிக்க ஆரம்பிச்சேன். அதனால இதுல என் எரிச்சலும் கொஞ்சம் கலந்திருக்கும், பொறுத்துக்கோங்க.

பிறந்தது 1886 ஜூலை 30, புதுக்கோட்டையில. அது அப்போ தொண்டைமான் மன்னர்கள் ஆண்ட சமஸ்தானம். அப்பா நாராயணசாமி ஐயர், மகாராஜா கல்லூரி முதல்வர். அம்மா சந்திரம்மாள், தேவதாசிக் குடும்பத்தில் பிறந்தவர். இந்த ஒரு வரியை மனசுல வெச்சுக்கோங்க, பின்னாடி வேணும்.

படிப்புல சூரப்புலி. ஆனா வயசுக்கு வந்ததும் பள்ளிக்கூடம் நின்னுபோச்சு. அந்தக் காலத்துல பெண் பிள்ளைக்குப் படிப்போட எல்லைக்கோடே அதுதான். உடம்புல ஒரு மாற்றம் வந்தா வாசற்படி தாண்டக் கூடாது. நமக்கு ஃப்ளெக்ஸ், அவங்களுக்குப் பூட்டு. அம்மா மாப்பிள்ளை பார்க்கச் சொல்ல, அப்பாவோ வீட்டிலேயே வைத்துப் படிக்க வைத்தார். 1902-ல் தனியாகத் தேர்வு எழுதி மெட்ரிக் தேறினார். அடுத்தது கல்லூரி. ஊரில் இருந்ததோ ஆண்கள் கல்லூரி மட்டும். ஒரு பெண் உள்ளே வந்தால் பையன்கள் கெட்டுப்போவார்கள் என்று எதிர்ப்பு கிளம்பியது. மன்னர் மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் தலையிட்டுச் சேர்க்கச் சொன்னார், உதவித்தொகையும் கொடுத்தார். வகுப்பில் பையன்களுக்குத் தெரியாதபடி திரைக்குப் பின்னால் உட்கார்ந்து பாடம் கேட்டார். நம்ம மெக்கானிக்கல் வகுப்புல நாலு பொண்ணுங்க முதல் பெஞ்சுல தனித்தீவு மாதிரி உட்கார்ந்திருப்போமே, அதோட முப்பாட்டி அந்தத் திரை.

1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரி. இணையத்துல தேடினா இந்தியாவின் முதல் பெண் டாக்டர்னு சில பக்கங்கள் போட்டிருக்கும், அது தப்பு. அவர் பிறந்த 1886-லேயே ஆனந்திபாய் ஜோஷி அமெரிக்காவிலும் காதம்பினி கங்குலி கல்கத்தாவிலும் மருத்துவம் முடித்துவிட்டார்கள். சென்னை மருத்துவக் கல்லூரியிலேயே 1875-ல் மேரி ஷார்லிப் முதலான பெண்கள் சேர்ந்து படித்திருக்கிறார்கள். அப்படியிருந்தும் முப்பது வருஷம் கழித்து முத்துலட்சுமி போனபோது, அறுவை சிகிச்சைப் பேராசிரியர் கிஃபார்டு தன் வகுப்புக்குள் பெண்களை விடுவதில்லை என்றும், அந்தப் பாடத்தில் முத்துலட்சுமி வாங்கிய மதிப்பெண்ணைப் பார்த்த பிறகே மனம் மாறினார் என்றும் சொல்வார்கள். 1912-ல் பட்டம். எழும்பூர் மகப்பேறு மருத்துவமனையில் ஹவுஸ் சர்ஜன் ஆனார்.

அங்கே அவர் என்ன பார்த்திருப்பார்னு யோசிச்சுப் பாருங்க. பன்னிரண்டு, பதிமூன்று வயதில் கல்யாணம் ஆகி, உடம்பு வளரும் முன்னாடியே பிரசவத்துக்கு வரும் சிறுமிகள். கல்கத்தாவில் 1889-ல் பூல்மணி என்ற சிறுமி, பத்து பதினொரு வயது, கணவனோடு உறவால் ஏற்பட்ட ரத்தப்போக்கில் இறந்துபோனாள். அதை ஒட்டி 1891-ல் வந்த சட்டம், மனைவியே ஆனாலும் சம்மத வயது பத்து என்று இருந்ததைப் பன்னிரண்டு ஆக்கியது. பன்னிரண்டு! அதற்கே மதத்தில் கை வைக்கிறார்கள் என்று பெரிய கலவரம். இன்னொரு பக்கம் சிஃபிலிஸ், கொனோரியா. பென்சிலின் வர இன்னும் முப்பது வருஷம் இருக்கு. புருஷன் வெளியே வாங்கிட்டு வந்த நோய் மனைவிக்கு வரும், வயிற்றுப் பிள்ளைக்கும் போகும், குறைப்பிரசவம் ஆகும், குழந்தை குருடாகும். பழி மட்டும் அவளுக்கு, மலடின்னு. நோய் என்னன்னே அவகிட்ட யாரும் சொல்ல மாட்டாங்க.

இது ரொம்பப் பழைய கதைன்னு நினைக்காதீங்க. லாரிக்குப் பேர் போன நம்ம நாமக்கல் 1990-களில் வேறொரு விஷயத்துக்கும் பேர் வாங்கினது உங்க அப்பா அம்மாவுக்குத் தெரியும். ஹெச்.ஐ.வி. லாரி ஓட்டுன ஆளுங்களைப் பத்திதான் எல்லாரும் பேசினாங்க. வீட்டுப்படி தாண்டாத அவங்க மனைவிகளுக்கும் அது வந்தது பேச்சுல கடைசியாத்தான் வந்துச்சு.

1914-ல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். ஜாதி வேறு, 1872-ஆம் வருஷச் சட்டப்படி பதிவுத் திருமணம். கல்யாணத்துக்கு முன்னாடியே ஒரு நிபந்தனை போட்டார்: என்னைச் சமமாக நடத்த வேண்டும், என் விருப்பங்களில் குறுக்கிடக் கூடாது. அவரும் ஒத்துக்கொண்டார், கடைசிவரை காப்பாற்றினார். இந்த இடத்தைப் படிச்சப்போ சுந்தர ரெட்டி மேல எனக்குத் தனி மரியாதை வந்துச்சு. இரண்டு மகன்கள். சினிமா பிடிச்சவங்களுக்கு ஒரு துணுக்கு: ஜெமினி கணேசனுக்கு இவர் அத்தை முறை.

மருத்துவராக அவரை உலுக்கியது சொந்த வீட்டுச் சாவு. தங்கைக்கு மலக்குடலில் புற்றுநோய். ரத்தபேதி என்று தப்பாக நினைத்து அதற்கே வைத்தியம் செய்திருக்கிறார்கள். உண்மை தெரிந்தபோது நேரம் தாண்டிவிட்டது. அக்காவும் மாமாவும் டாக்டராக இருந்தும் அந்தப் பெண்ணைக் காப்பாற்ற முடியவில்லை. இடுப்புக்குக் கீழே என்ன நோய் வந்தாலும் பெண்கள் கடைசி வரைக்கும் வாயே திறக்காத ஊர் இது. அக்காவோட செக்கப்புக்குப் போனப்போ பார்த்தேனே, வெள்ளைபடுதுன்னு சொல்லவே அரைமணி நேரம் தயங்கி, வயித்து வலின்னு மாத்திரை வாங்கிட்டுப் போன அம்மாக்களை.

1925-ல் மேல்படிப்புக்காக லண்டன் போனார், பெண்கள் குழந்தைகள் மருத்துவம் படிக்க. திரும்பி வந்தபோது அரசியல் காத்திருந்தது. சென்னை மாகாணத்தில் பெண்களுக்கு 1921-லேயே ஓட்டுரிமை வந்திருந்தாலும் சட்டசபையில் உட்காரும் உரிமை 1926-ல்தான் வந்தது. இந்திய மாதர் சங்கம் அவர் பெயரைச் சொல்ல, அரசு நியமித்தது. தனியா வெச்சிருந்த மருத்துவத் தொழில் கெடும்னு முதல்ல தயங்கினார். 1927-ல் சபைக்குள் போனார். பிரிட்டிஷ் இந்தியாவின் முதல் பெண் சட்டமன்ற உறுப்பினர். போன உடனே துணைத் தலைவராக ஏகமனதாகத் தேர்ந்தெடுத்தார்கள்.

நம்ம ஊர்க்காரங்க கவனிங்க. அப்போ சென்னை மாகாணத்தின் முதல் மந்திரியாக இருந்தவர் டாக்டர் பி. சுப்பராயன், குமாரமங்கலம் ஜமீன்தார். திருச்செங்கோடு போற வழியில பஸ் நிக்குமே, அதே குமாரமங்கலம். அவர் மனைவி ராதாபாய் சுப்பராயன் 1930-ல் லண்டன் வட்டமேஜை மாநாட்டுக்குப் போன இரண்டு இந்தியப் பெண்களில் ஒருவர்.

சபைக்குள் முத்துலட்சுமி பேசியது பெரும்பாலும் உடம்பைப் பற்றி. பெண் உடம்பு, குழந்தை உடம்பு. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனி மருத்துவமனை, பள்ளிக்கூடங்களில் மருத்துவப் பரிசோதனை, பால்ய விவாகம், விபசாரத்துக்குச் சிறுமிகளை விற்பது. ஆண்கள் மட்டுமே இருந்த அந்த அரங்கில் மேகநோய் பற்றியும் பூப்பு பற்றியும் ஒரு பெண் நின்று பேசினார். 1928-ல், திருமண வயதைப் பெண்ணுக்கு 16, ஆணுக்கு 21 ஆக்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். அடுத்த வருஷம் நிறைவேறிய சாரதா சட்டம் 14, 18 என்று நின்றுகொண்டது. எங்க அம்மாயிக்குக் கல்யாணம் ஆனப்போ வயசு பதிமூணு. அது நடந்தது அந்தச் சட்டம் வந்து முப்பது வருஷம் கழிச்சு. சேலம், நாமக்கல் பக்கம் அதிகாரிகள் போய் சின்னப் பொண்ணு கல்யாணத்தை நிறுத்தினாங்கன்னு இன்னைக்கும் பேப்பர்ல செய்தி வருது.

இப்போ அந்த அம்மா பேர். சந்திரம்மாள்.

பொட்டுக்கட்டுதல் எப்படி நடந்ததுன்னு நம்மள்ல நிறைய பேருக்குத் தெரியாது. தேவதாசிக் குடும்பத்துப் பெண்ணுக்குச் சின்ன வயசிலேயே கோயிலில் சாமி பேரில் தாலி மாதிரி பொட்டுக் கட்டிவிடுவார்கள். அதற்கப்புறம் அவளுக்கு வேறு கல்யாணம் கிடையாது. ஆட்டமும் பாட்டும் கோயில் ஊழியமும் உண்டு. கூடவே பெரிய மனிதர் யாராவது அவளை வைத்துக்கொள்வார். ஊழியத்துக்குக் கூலியாக இனாம் நிலம். ஊழியம் நின்றால் நிலம் போய்விடும். அதனால் அம்மாவுக்குப் பின் மகளுக்குப் பொட்டுக் கட்டியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் குடும்பத்துக்குச் சோறு இல்லை. எஞ்சினியரிங் மூளைக்கு இது சட்டுனு புரியும்: பூட்டு பொட்டுல இல்லை, நிலத்துல இருக்கு.

முத்துலட்சுமி அங்கேதான் கை வைத்தார். 1927 நவம்பரில் தீர்மானம். அதன் பிறகு அறநிலையச் சட்டத்துக்கு ஒரு திருத்தம். 1929-ல் நிறைவேறிய அந்தத் திருத்தம், இனாம் நிலத்தை ஊழியத்திலிருந்து பிரித்து அந்தப் பெண்களுக்கே உரிமை ஆக்கியது. இனிமேல் மகளுக்குப் பொட்டுக் கட்டாவிட்டாலும் நிலம் போகாது. என்னைக் கேட்டா அவரோட மொத்த வேலையிலயும் இதுதான் புத்திசாலித்தனமானது. பொட்டுக் கட்டுவதையே குற்றமாக்கும் மசோதாவை 1930-ல் கொண்டுவந்தார். அதற்குள் உப்பு சத்தியாகிரகம், காந்தி கைது. அதைக் கண்டித்துப் பதவியை உதறிவிட்டார். மசோதா பதினேழு வருஷம் தூங்கியது. நாடு விடுதலை ஆன பிறகு, ஓமந்தூரார் அமைச்சரவை இருந்த 1947-ல் சட்டம் ஆனது. அந்த அமைச்சரவையிலும் குமாரமங்கலம் சுப்பராயன் இருந்தார்.

எதிர்த்தவர்கள் ரெண்டு வகை. ஒண்ணு, சத்தியமூர்த்தி மாதிரி காங்கிரஸ் தலைவர்கள். கோயில் மரபு, கலை அழிந்துபோகும் என்பது வாதம். இதைப் படிச்சப்போ எனக்குக் கோபம்தான் வந்துச்சு. ரெண்டாவது எதிர்ப்பு தேவதாசிகளே. அங்கேதான் நான் கொஞ்சம் நின்னேன். பெங்களூர் நாகரத்தினம்மாள், திருவையாறில் தியாகராஜருக்குச் சமாதி எழுப்பியவர், அவரும் மற்றவர்களும் சங்கமாகச் சேர்ந்து அரசுக்கு மனுப் போட்டார்கள். எங்களை மொத்தமாக விபசாரிகள் என்று முத்திரை குத்தாதீர்கள், எங்கள் சொத்துரிமையையும் கலையையும் பிடுங்காதீர்கள் என்பது அதன் சாரம். அன்றைக்கு எழுதப்படிக்கத் தெரிந்த, சொந்தப் பேரில் சொத்து வைத்திருந்த, சதங்கை கட்டிச் சபை ஏறிய பெண்கள் அவர்கள்தான். குடும்பப் பெண்களுக்கு அதில் எதுவும் கிடையாது. இந்தச் சண்டை முடிந்த கொஞ்ச காலத்திலேயே சதிர் பரதநாட்டியம் என்ற பேரில் மயிலாப்பூர் வீடுகளுக்குள் போய்விட்டது. ஆடியவர்களின் பேத்திகள் பாட்டி பேரைச் சொல்லக்கூட வெட்கப்பட்டார்கள்.

யார் சரின்னு என்கிட்ட கேட்டீங்கன்னா, வளர்ந்த பெண் எப்படி வாழணும்னு அடுத்தவங்க சட்டம் போடுறது எனக்குப் பிடிக்கலை. முத்துலட்சுமியோட பேச்சுல கற்பு, ஒழுக்கம்னு வர்ற இடங்கள் எனக்கு இடிக்குது. ஒரு பெண்ணோட ஆசை, விருப்பம்னு ஒண்ணு அந்தப் பேச்சுல இடமே இல்லாம இருக்கு. ஆனா பொட்டுக் கட்டப்படுறவ வளர்ந்த பெண் இல்லையே, எட்டு வயசு, பத்து வயசுப் பிள்ளை. அவளை யாரும் கேட்கவே இல்லை. அந்த இடத்துல நான் முத்துலட்சுமி பக்கம். சந்திரம்மாள் வீட்டுல வளர்ந்த ஒருத்தர் அதைப் புத்தகத்துல படிச்சுத் தெரிஞ்சுக்கலை. மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரும் அவர் பக்கம்தான் நின்றார், அவரே தாசி முறையிலிருந்து வெளியே வந்தவர். ஆமா, புதுமைப் பெண் திட்டத்துல மாசம் ஆயிரம் ரூபா வாங்குற தோழிகளே, அந்தத் திட்டத்தோட முழுப் பேர்ல இருக்கிற அதே ராமாமிர்தம் அம்மையார்தான்.

சட்டம் போட்டால் ஆச்சா, வெளியே வந்த பிள்ளைகள் எங்கே போகும்? தேவதாசிக் குடும்பத்திலிருந்து தப்பி வந்த பெண் பிள்ளைகள் சிலர் அவர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். விடுதிகள் சேர்த்துக்கொள்ளவில்லை. மற்ற ஜாதிப் பிள்ளைகளோடு தாசி மகள் தங்கக் கூடாதாம். சரி, என் வீட்டிலேயே இருங்கள் என்று சொல்லிவிட்டார். 1930-ல் அப்படித் தொடங்கியதுதான் ஔவை இல்லம். அடையாறு பக்கம் போனா இன்னைக்கும் பார்க்கலாம், பள்ளிக்கூடத்தோட இருக்கு.

தங்கையின் சாவு மட்டும் அவரை விடவில்லை. 1935-ல் மருத்துவக் கல்லூரி நூற்றாண்டு விழாவிலேயே புற்றுநோய்க்குத் தனி மருத்துவமனை வேண்டும் என்று அறிவித்தார். அரசு அசையவில்லை. புற்றுநோய் வந்தால் எப்படியும் சாவுதான், அதற்கு எதற்கு ஆஸ்பத்திரி என்பது அன்றைய எண்ணம். மாதர் சங்கத்துப் பெண்களோடு சேர்ந்து நிதி திரட்டினார். 1952-ல் நேரு அடிக்கல் நாட்ட, 1954 ஜூன் 18-ல் அடையாறில் 12 படுக்கைகளோடு தொடங்கியது. அவருக்கு அப்போ வயசு அறுபத்தேழு. மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி கூட நின்றார், அடுத்த வருஷம் டாக்டர் சாந்தா வந்து சேர்ந்தார். சேலம் ஜி.எச்.-ல இருந்து அடையாறுக்கு எழுதிக் கொடுத்துட்டாங்கன்னு நம்ம ஊர்ல சொல்வாங்களே, அந்த அடையாறு இதுதான்.

அங்கே வந்த பெண்களில் பெரிய கூட்டம் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்காரர்கள். பல பத்து வருஷம் இந்தியப் பெண்களுக்கு அதிகம் வந்த புற்றுநோய் அதுதான். உடலுறவு வழியாப் பரவுற ஹெச்.பி.வி. வைரஸால வருவது. நோயாக முற்ற பத்துப் பதினைந்து வருஷம் எடுத்துக்கும், அதுக்குள்ள பார்த்தா முழுசாத் தடுக்கலாம். முப்பது வயசுக்கு மேல உள்ள பெண்களுக்கு நம்ம ஆரம்ப சுகாதார நிலையத்துலயே இலவசமாப் பார்க்கிறாங்க. கர்ப்பப்பை வாயில நீர்த்த அசிட்டிக் அமிலம், அதாவது கிட்டத்தட்ட வினிகர், தடவிட்டு ஒரு நிமிஷம் பார்ப்பாங்க. வெள்ளையா மாறுற இடம் சந்தேகத்துக்குரிய இடம். அவ்வளவுதான் டெஸ்ட். நம்ம கெமிஸ்ட்ரி லேப்ல இதைவிடக் கஷ்டமானதெல்லாம் பண்ணியிருக்கோம்.

1956-ல் பத்மபூஷண். 1968 ஜூலை 22-ல் காலமானார். இன்னும் எட்டு நாள் இருந்திருந்தா எண்பத்திரண்டு.

போன செமஸ்டர் லீவுல இதையெல்லாம் வீட்டுல சொல்லிட்டிருந்தேன். அக்கா பையனைத் தூங்க வெச்சுக்கிட்டே கேட்டுச்சு. அப்பா ஹால்ல டி.வி. பார்த்துக்கிட்டு இருந்தார். சம்மத வயசு வந்தப்போ டி.வி. சத்தத்தைக் கொஞ்சம் ஏத்தினார். அம்மா குச்சிக்கிழங்கு தோல் சீவிக்கிட்டே ஒண்ணும் பேசலை. அம்மாவுக்கு வயசு நாற்பத்தாறு. எல்லாரும் படுத்ததுக்கப்புறம் என் பக்கத்துல வந்து உட்கார்ந்து, ஏங்கண்ணு, அந்த வினிகர் டெஸ்டுன்னு சொன்னியே, அது வலிக்குமான்னு கேட்டாங்க. வலிக்காதும்மான்னேன். எத்தனை மணிக்குப் போனா கூட்டம் இருக்காதுன்னு கேட்டாங்க.